கரண்ட் வைத்தால் நரம்பு வளருமா? நரம்புக் காயத்தோடு புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிசியோதெரபி அறைக்கு முதன்முறையாக வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "கரண்ட் வச்சா நரம்பு வளர்ந்திடுமா, சார்?" வடசென்னையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கை, கால் நரம்புக் காயங்களோடு வருகிறவர்களுக்குப் பயிற்சி அளித்துவரும் என்னால் இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடிந்ததில்லை. மின்தூண்டல் நரம்பின் மறுவளர்ச்சிக்கு உதவுகிறது என்பதற்கு ஆய்வுக்கூடத்திலும் அறுவை அரங்கிலும் உறுதியான சான்றுகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அந்த மின்சாரமும், நனைத்த பஞ்சு வைத்த தகட்டைக் கையில் கட்டிப் பதினைந்து நிமிடம் கொடுக்கிற மின்சாரமும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து மாதக்கணக்கில் தகட்டைக் கட்டிக்கொண்டிருந்து, நரம்பைத் தைக்க வேண்டிய காலத்தைத் தவறவிட்டவர்கள் என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். அப்படி இன்னொருவருக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் படி: உங்கள் காயம் எந்த வகை நரம்பில் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மூளையும் தண்டுவடமும் மைய நரம்பு மண்டலம். அவற்றிலிருந்து கிளைத்துக் கை, கால், முகம் வரை ஓடுபவை புற நரம்புகள். அறுந்தாலும் மீண்டும் வளரும் ஆற்றல் புற நரம்புகளுக்கு உண்டு. மைய மண்டலத்தில் அந்த ஆற்றல் மிகமிகக் குறைவு. ஆகவே பக்கவாதத்தால் கை தூக்க முடியாதவருக்கும், கண்ணாடி கிழித்து மணிக்கட்டு நரம்பு அறுந்தவருக்கும் கை ஒரேபோலத் தொங்கினாலும் சிகிச்சை ஒன்றாக இருக்க முடியாது. இந்தக் கட்டுரை புற நரம்புக் காயங்களை மட்டுமே பேசுகிறது: பைக் விபத்தில் தோளருகே நரம்புப் பின்னல் இழுபடுவது, மேற்கை எலும்பு முறிவில் நரம்பு நசுங்கி மணிக்கட்டு தொங்கிப்போவது, முழங்காலுக்குப் பக்கத்தில் அடிபட்டுப் பாதம் தொங்குவது, இயந்திரமோ கண்ணாடியோ வெட்டுவது, இடுப்பில் தவறான இடத்தில் ஊசி போட்டதால் கால் நரம்பு பாதிக்கப்படுவது போன்றவை.

இரண்டாம் படி: முதல் மூன்று நாட்களை வீணாக்காதீர்கள்

நரம்பு அறுவை செய்கிறவர்கள் மூன்றின் கணக்கு ஒன்றை நினைவில் வைத்திருக்கிறார்கள். கத்தி, கண்ணாடி போன்ற கூரிய பொருள் சுத்தமாக வெட்டிய நரம்பை 3 நாட்களுக்குள் தைக்க வேண்டும். பிய்ந்தும் நசுங்கியும் போன காயமாக இருந்தால், எது உயிருள்ள பகுதி, எது இறந்த பகுதி என்று தெளிவாகும்வரை ஏறத்தாழ 3 வாரம் பொறுக்கலாம். தோல் கிழியாமல் உள்ளே மட்டும் அடிபட்டிருந்தால், தானாக மீள்கிறதா என்று பார்க்க 3 மாதம் வரை காத்திருக்கலாம். அந்தக் காத்திருப்பும் சோதனைகளோடும் கண்காணிப்போடும்தான் நடக்க வேண்டும்.

வெட்டுக்காயத்துக்குத் தோலை மட்டும் தைத்து அனுப்பிவிட்டால், விரல் மரத்துப்போயிருப்பதை "வீக்கம் குறைந்தால் சரியாகிவிடும்" என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். நம்பிவிடாதீர்கள். வெட்டுக்குக் கீழே ஏதாவது ஒரு விரல் நுனியில் உணர்வே இல்லையென்றால், நரம்பு அறுந்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு அன்றைக்கே கை அறுவை அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவரைப் பார்க்க வேண்டும். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனி அறுவைத் துறை பல பத்தாண்டுகளாக இயங்கிவருகிறது. பேராசிரியர் ஆர். வெங்கடசுவாமி கட்டியெழுப்பிய அந்தத் துறையைத் தேடி வெளிமாவட்டங்களிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் துறைகளும், கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும் உள்ளன. சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அத்திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கும். அதற்குப் பிந்திய செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உதவுமா என்பதை அந்தந்த மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மேசையில் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் இடங்களுக்குப் போகும் வழக்கம் நம்மிடம் உண்டு. போவதாக இருந்தாலும், அதற்கு முன்பே விரல்களை விரிக்கவும் மணிக்கட்டை நிமிர்த்தவும் முடிகிறதா என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நரம்பின் செயல் எலும்பு முறிந்தபோதே போனதா, கட்டின் இறுக்கத்தில் போனதா என்ற கேள்வி பின்னால் வரும்போது அந்தக் குறிப்புதான் விடை சொல்லும்.

மூன்றாம் படி: காயத்தின் ஆழத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு நரம்பை மின்கம்பி என்று நினைப்பதைவிட, ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகளைத் தனித்தனிக் குழல்களில் நுழைத்துக் கட்டிய கேபிள் என்று நினைப்பது சரி. 1943-இல் ஹெர்பர்ட் செடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் காயங்களை மூன்றாகப் பிரித்தார். மருத்துவர்கள் இன்றும் அந்தப் பெயர்களைத்தான் சொல்கிறார்கள். நியூராபிராக்சியா என்றால் இழை அறவில்லை, செய்தி மட்டும் தடைபட்டிருக்கிறது. வாரங்களிலோ இரண்டு மூன்று மாதங்களிலோ தானாகச் சரியாகும். ஆக்சனாட்மெசிஸ் என்றால் உள்ளே இழை அறுந்துவிட்டது, குழல் மிஞ்சியிருக்கிறது. இழை அந்தக் குழல் வழியே மறுபடி வளர்ந்து வர வேண்டும். நியூராட்மெசிஸ் என்றால் குழலும் சேர்ந்து துண்டாகிவிட்டது, தைக்காமல் வழியில்லை.

இழை அறுந்ததும் காயத்துக்குக் கீழே உள்ள பகுதி சிதைந்து கரைகிறது. 1850-இல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்பை வெட்டிப் பார்த்துச் சொன்னது இது. அந்தச் சிதைவு கெடுதல் போலத் தோன்றினாலும், புதிய இழைக்கு இடம் ஒழிக்கும் வேலை அதுதான். நரம்பிழையைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்கள் பழைய குப்பையை அகற்றி, காலியான குழலுக்குள் வரிசையாக நின்று, புதிய இழைக்கு வழிகாட்டுகின்றன.

நரம்புக் கடத்தல் சோதனையும் ஈ.எம்.ஜி. என்னும் ஊசிச் சோதனையும் எப்போது எடுப்பது என்பதில் பலரும் அவசரப்படுகிறார்கள். காயம்பட்ட இரண்டாம் நாளே எடுத்தால் அறுந்த நரம்பின் கீழ்ப்பகுதி இன்னும் செய்தி கடத்திக்கொண்டிருக்கும். அறிக்கை பார்க்க நன்றாக இருந்து ஏமாற்றிவிடும். நரம்பு விட்டுப்போன தசையில் ஊசி காட்டும் துடிப்புகள் வர இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆகவே மூடிய காயத்துக்கு முதல் சோதனை மூன்றாவது, நான்காவது வாரத்தில். அடுத்தது பன்னிரண்டாம் வாரம் அளவில். இரண்டு அறிக்கைகளையும் பத்திரமாக வைத்திருங்கள். இரண்டாவதை முதலாவதோடு ஒப்பிட்டால்தான் அதற்குப் பொருள்.

நான்காம் படி: ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்

என்னிடம் வருகிற எவரையும் இந்தக் கணக்கைப் போடாமல் நான் அனுப்புவதில்லை. தையற்காரரின் இன்ச் டேப் ஒன்று போதும். காயத்திலிருந்து நரம்பு போய்ச் சேர வேண்டிய தசை வரை அல்லது விரல் நுனி வரை அளந்துகொள்ளுங்கள். வளரும் நரம்பிழை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நகரும். மாதத்துக்கு ஓர் அங்குலம். தைத்த இடத்தைத் தாண்டுவதற்கு மட்டும் முதலில் சில வாரங்கள் பிடிக்கும்.

மணிக்கட்டில் வெட்டு, விரல் நுனி 18 செ.மீ. தூரம் என்றால் 180 நாள், அதாவது ஏறத்தாழ ஆறு மாதம். முழங்கையில் வெட்டு, கைவிரல்களை விரிக்கும் சிறு தசைகள் 30 செ.மீ. தூரத்தில் என்றால் பத்து மாதம். அக்குள் அருகே வெட்டு, 55 செ.மீ. என்றால் ஒன்றரை ஆண்டையும் தாண்டுகிறது. இங்கேதான் சிக்கல். நரம்பில்லாமல் கிடக்கும் தசை காத்துக்கொண்டே இருக்காது. மெலிந்து, நார்த்தன்மை அடைந்து, 12 முதல் 18 மாதத்துக்குள் நரம்பை மறுபடி ஏற்றுக்கொள்ளும் தகுதியைப் பெரிதும் இழந்துவிடும். அதற்குப் பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும், பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு வந்த தபால் போலத்தான்.

இந்தக் கணக்கு புரிந்தவருக்கு நரம்பு விஷயத்தில் சில வாரங்களை மிச்சப்படுத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்பது தானாகப் புரியும். மின்தூண்டல் தருவது அந்த மிச்சத்தைத்தான்.

ஐந்தாம் படி: வளர்ச்சிக்கு உதவும் மின்தூண்டல் எது என்று அறிந்து, அறுவைக்கு முன்பே கேளுங்கள்

கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெஸ்ஸா கோர்டனும் அவருடைய குழுவினரும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் அடிக்கல். எலிகளின் தொடை நரம்பை வெட்டித் தைத்து, வெட்டுக்கு மேற்பக்கத்தில் விநாடிக்கு 20 முறை வீதம் மின்துடிப்பு கொடுத்தார்கள். தூண்டல் பெறாத எலிகளில் எல்லா இயக்க நரம்புசெல்களும் 25 மில்லிமீட்டர் தூரத்துக்கு இழையை வளர்த்து முடிக்க எட்டு முதல் பத்து வாரம் ஆயிற்று. தூண்டல் பெற்றவற்றில் மூன்று வாரம் போதுமானதாக இருந்தது. இரண்டு வாரம் இடைவிடாமல் தூண்டியபோது கிடைத்த அதே பலன், ஒரே ஒரு மணி நேரம் தூண்டியபோதும் கிடைத்தது என்பதுதான் இதில் எல்லாரையும் வியக்க வைத்தது.

2002-இல் இதே வரிசையில் வந்த இன்னோர் ஆய்வு, நரம்பிழை ஓடும் வேகம் மின்தூண்டலால் கூடவில்லை என்று காட்டியது. அப்படியானால் நாட்கள் எங்கே மிச்சமாயின? ரயில்வே கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கேட் திறந்ததும் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் தாண்டுவதில்லை. முன்னால் நின்ற சில முதலில் நுழைகின்றன, மற்றவை முண்டியடித்து, திசை மாறி, வெகுநேரம் கழித்து வருகின்றன. வெட்டித் தைத்த இடத்தில் நரம்பிழைகளும் அப்படியே வாரக்கணக்கில் தயங்கி நிற்கின்றன. மின்தூண்டல் பெற்ற நரம்பில் அந்தத் தயக்கம் குறைந்து, பெரும்பாலான இழைகள் சீக்கிரமே கேட்டைத் தாண்டிவிடுகின்றன. தாண்டிய பிறகு எல்லாமே பழைய வேகத்தில்தான் போகின்றன.

மின்துடிப்பு வேலை செய்யும் இடமும் நாம் நினைக்கும் இடமல்ல. அது நரம்பு வழியே மேலேறி, தண்டுவடத்தில் இருக்கும் செல்லின் உடலைச் சென்று தொடுகிறது. மேலேறும் செய்தியை மருந்து கொண்டு இடையில் தடுத்துவிட்டால் பலன் இல்லாமல் போகிறது என்பதை அதே 2000-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. செய்தி கிடைத்த செல், பி.டி.என்.எஃப். என்னும் வளர்ச்சிப் புரதத்தையும் அதன் ஏற்பியையும் கூடுதலாக உருவாக்குகிறது. கட்டுமானப் புரதங்களைத் தயாரிக்கும் வேலை மும்முரமாகிறது. விநாடிக்கு 20 என்ற எண்ணும் குருட்டாம்போக்கில் எடுத்ததல்ல. இயக்க நரம்புசெல்கள் இயல்பாகத் துடிக்கும் சராசரி வேகத்தை ஒட்டியது அது.

மனிதர்களிடம் இது எப்படிச் செய்யப்படுகிறது? நரம்பைத் தைத்து முடித்ததும், காயத்தை மூடுவதற்கு முன்பு, தையலுக்கு மேற்பக்கத்தில் நரம்பை ஒட்டி மெல்லிய கம்பி எலெக்ட்ரோடுகள் வைக்கப்படுகின்றன. கம்பியின் முனை தோலுக்கு வெளியே வரும். நோயாளி தாங்கும் அளவுக்கு மின்னழுத்தத்தை வைத்து, விநாடிக்கு 20 துடிப்பு வீதம் ஒரு மணி நேரம் கொடுத்துவிட்டு, கம்பியை உருவிவிடுகிறார்கள். அவ்வளவுதான். வாரம் மூன்று முறை வர வேண்டியதில்லை, பத்து சிட்டிங், இருபது சிட்டிங் என்ற பேச்சும் இல்லை.

2010-இல் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டு அறுவை செய்துகொண்ட 21 பேரிடம் இதைச் செய்து பார்த்தார்கள். தூண்டல் பெற்றவர்களுக்குக் கட்டைவிரல் மேட்டுத் தசைகளை ஆளும் நரம்பிழைகளின் எண்ணிக்கை ஓராண்டுக்குள் ஏறத்தாழ இயல்புக்குத் திரும்பியது. மற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. 2015-இல் விரல் நரம்பு முழுதாக அறுந்து தைக்கப்பட்ட 36 பேரிடம் செய்த சோதனையில், தூண்டல் பெற்றவர்களின் தொடு உணர்வு மற்றவர்களைவிட நன்றாக மீண்டது. முழங்கையில் நரம்பு நெருக்கத்துக்கும், கழுத்துப் புற்றுநோய் அறுவைக்குப் பிந்திய தோள் பலவீனத்துக்கும் செய்த சோதனைகளும் நம்பிக்கை தந்தன. எல்லாமே சிறிய எண்ணிக்கையில் நடந்தவை என்பதையும் மறக்கக்கூடாது. இது இன்னும் எல்லா அறுவை அரங்குகளிலும் வழக்கமாகிவிட்ட சிகிச்சை அல்ல. ஆகையால் தையலுக்குத் தேதி குறிக்கும் நாளிலேயே மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: "டாக்டர், நரம்பைத் தைக்கும்போது ஒரு மணி நேர மின்தூண்டல் கொடுக்க இங்கே வசதி உண்டா? என் காயத்துக்கு அது பொருந்துமா?" இல்லை என்று பதில் வந்தால் அதற்காகத் தையலைத் தள்ளிப்போடாதீர்கள். தூண்டல் கிடைக்காமல் உரிய நாளில் போட்ட நல்ல தையல், தூண்டலைத் தேடி அலைந்து ஆறு மாதம் தாமதமான தையலைவிட மேலானது. இதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

"கூடுதல் நேரம் கொடுத்தால் கூடுதலாக வளருமே" என்று படித்தவர்களும் கேட்கிறார்கள். உணர்வு நரம்புகளில் செய்த ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது: ஒரு மணி நேரம் சிறந்த பலன் தந்தது, நீண்ட நேரத் தூண்டல் அந்தப் பலனைத் தரவில்லை. உடலுக்குள் வைத்துத் தைத்துவிட்டால் வேலை முடிந்தபின் தானே கரைந்துபோகும் கம்பியில்லாக் கருவியை 2018-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன், வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். அதில் சில நாட்கள் மறுபடி மறுபடி கொடுத்தது உதவியது. அளவு என்பது இன்னும் ஆராயப்படுகிற விஷயம்; வீட்டில் குமிழைத் திருகித் தீர்மானிக்கிற விஷயம் அல்ல.

ஆறாம் படி: தகடு வைத்துக் கொடுக்கும் கரண்ட் என்ன செய்யும் என்று தெளிவாக இருங்கள்

என் ஆரம்ப காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மேற்கை எலும்பு முறிந்து மணிக்கட்டு தொங்கிய ஒரு நடுத்தர வயதுக்காரர் வந்தார். முன்கையின் பின்பக்கத்தில் தகட்டை வைத்து ஃபாரடிக் கரண்ட் என்னும் குறுந்துடிப்பு மின்சாரம் கொடுத்தேன். விரல் அசையவில்லை. கொஞ்சம் கூட்டினேன், அசையவில்லை. மேலும் கூட்டியதும் விரல்கள் சடாரென்று மடங்கின. "அசையுது சார், அசையுது!" என்று அவர் கத்தினார், நானும் மகிழ்ந்துபோனேன். விரல்கள் மடங்கினவே தவிர நிமிரவில்லை என்பது இருவர் கண்ணிலும் படவில்லை. மின்சாரம் முன்கையின் மறுபக்கம் கசிந்து, காயமே படாத மடக்குத் தசைகளை இழுத்திருந்தது. மூத்த சிகிச்சையாளர் ஒருவர் வந்து என் விரலைப் பிடித்துச் சுட்டிக்காட்டும்வரை இரண்டு வாரம் அந்த நலமான தசைக்குத்தான் நான் கரண்ட் வைத்துக்கொண்டிருந்தேன்.

இதன் காரணம் எளியது. நரம்புள்ள தசையை, 1 மில்லி விநாடிக்கும் குறைவான குறுந்துடிப்பே நரம்பு வழியாக இயக்கிவிடும். வலிக்கு வைக்கும் டென்ஸ் கருவியின் துடிப்பு அதைவிடச் சிறியது, 50 முதல் 250 மைக்ரோ விநாடி வரை. நரம்பு அற்றுப்போன தசைக்கு இவை எதுவும் கேட்காது. அதன் நார்களை நேரடியாகச் சுருக்க 100 மில்லி விநாடி போன்ற நெடுந்துடிப்பு வேண்டும். நம் சிகிச்சை அறைகளில் ஐ.ஜி. கரண்ட் (விட்டுவிட்டுக் கொடுக்கும் நேர்மின்சாரம்) என்று சொல்வது அதைத்தான். அந்த ஐ.ஜி. கரண்ட்கூட தசை மெலிவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தலாம் என்ற நோக்கில் கொடுக்கப்படுவது. அது எவ்வளவு உதவுகிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. நரம்பை அது வளர்ப்பதில்லை.

ஆகவே உங்களுக்குக் கரண்ட் வைக்கும்போது மூன்று கேள்விகள் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு: இது வலிக்கா, தசைக்கா, பயிற்சிக்கா? எந்த வகைக் கரண்ட்? எத்தனை வாரம் கழித்து மறுபடி பரிசோதிப்பீர்கள்? நரம்பு திரும்ப ஆரம்பித்துத் தசை லேசாகத் துடிக்கத் தொடங்கியபின், அந்தத் தசையை மூளைக்கு மறுபடி அறிமுகப்படுத்த மின்தூண்டல் நல்ல துணை. அந்தக் கட்டத்தில் நானே விரும்பிக் கொடுக்கிறேன்.

பேஸ்மேக்கர் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அந்த இடத்தில் புற்றுநோய்க் கட்டியோ ஆறாத புண்ணோ கிருமித்தொற்றோ உள்ளவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள் இதைக் கண்டிப்பாக முன்கூட்டியே சொல்ல வேண்டும். எலும்புக்குள் பிளேட், ஸ்குரூ வைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். மரத்த தோலில் நேர்மின்சாரம் கொடுத்தால் தோல் வெந்தாலும் உங்களுக்குத் தெரியாது. இணையத்தில் வாங்கிய கருவியை மரத்த கையில் வைத்துப் புண்ணாக்கிக்கொண்டு வந்தவர்களுக்கு, நரம்புக்கு முன்னால் அந்தப் புண்ணை ஆற்றவே மாதங்கள் போகின்றன.

ஏழாம் படி: நரம்பு வந்து சேரும்வரை உறுப்பைக் காப்பாற்றுங்கள்

மூட்டு இறுகிவிட்டால் நரம்பு வந்தும் பயனில்லை. தையலுக்குப் பிறகு மருத்துவர் சொன்ன காலம் முடிந்ததும், ஒவ்வொரு மூட்டையும் மறுகையால் முழு வீச்சுக்கு ஒரு நாளில் பலமுறை அசைத்துவிட வேண்டும். மணிக்கட்டு தொங்கினால் நிமிர்த்திப் பிடிக்கும் ஸ்பிளின்ட், பாதம் தொங்கினால் பாதத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் உறை. வியர்வையில் அரிக்கிறது என்று கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் அதிகம். உள்ளே மெல்லிய பருத்திக் காலுறையோ துணியோ போட்டுக்கொண்டு அணியுங்கள்.

உணர்வில்லாத கைக்குச் சமையலறைதான் பெரிய ஆபத்து. கொதிக்கும் காபி ஊற்றிய எவர்சில்வர் டம்ளரை அது சூடென்றே அறியாமல் பிடித்துக்கொண்டிருக்கும். காலில் உணர்வில்லாதவர் பைக் சைலன்சரில் உரசியதைத் துணி கருகிய வாடையில்தான் தெரிந்துகொள்வார். சித்திரை வெயிலில் கோயில் பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். காலை பூசைக்கோ விளக்கு வைத்த பின்போ போங்கள். இரவு படுக்கும் முன் மரத்த பகுதி முழுவதையும் கண்ணால் பார்ப்பது வழக்கமாகட்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள், புகைப்பதை நிறுத்துங்கள். இரண்டும் நரம்பின் வளர்ச்சியை மந்தப்படுத்துகின்றன. நரம்புக்கு என்று எழுதித்தரும் வைட்டமின் மாத்திரையைச் சாப்பிடலாம். ஆனால் அறுந்த நரம்பைத் தையலுக்குப் பதிலாக ஒட்டவைக்கும் மாத்திரை எதுவும் கிடையாது.

எட்டாம் படி: மாதம் ஒருமுறை அளந்து எழுதுங்கள்

1915-இல் பிரான்சில் ஜூல் டினெலும் ஜெர்மனியில் பால் ஹாஃப்மனும், போரில் காயம்பட்ட வீரர்களிடம் தனித்தனியாகக் கவனித்துச் சொன்ன ஒரு குறி இன்றும் நமக்குக் காசு செலவில்லாத சோதனை. நரம்பு ஓடும் பாதையில், விரல் நுனிப் பக்கத்திலிருந்து காயத்தை நோக்கி, பென்சிலின் பின்முனையால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் விரலுக்குள் சுரீரென்று மின்சாரம் பாய்ந்தாற்போல இருக்கும். வளரும் இழைகளின் முனை அதுவரை வந்திருக்கிறது என்று பொருள். காயத்தின் தழும்பிலிருந்து அந்த இடம் வரை அளந்து தேதியோடு எழுதுங்கள்.

ஆவடியிலிருந்து வந்துகொண்டிருந்த இளைஞர் ஒருவருக்குக் கண்ணாடிக் கதவு உடைந்து மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை மேலே சுண்டுவிரல் பக்க நரம்பு அறுந்தது. அவருடைய மனைவி பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் மாதாமாதம் அளந்து எழுதிவந்தார். முதல் மாதம் எண் நகரவில்லை. இரண்டாம் மாதம் 2 செ.மீ. மூன்றாம் மாதம் 4.5. அந்த மாதம் அவர் உள்ளே வந்ததும் வராததுமாக, "சார், நாலரை வந்திருச்சு" என்று நோட்டை விரித்துக் காட்டியது இன்றும் கண்ணில் நிற்கிறது. மூன்று மாதமாகியும் குறி தழும்பிலேயே நின்றுவிட்டால் அதே நோட்டை எடுத்துக்கொண்டு அறுவை மருத்துவரிடம் போக வேண்டும். அது ஒரு மாத ஐ.ஜி. கரண்டைவிடப் பயனுள்ள பயணம்.

தசைக்கு இன்னொரு சோதனை. செய்தித்தாளில் ஒரு துண்டு கிழித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கத்துக்கும் இடையில் பிடிக்கச் சொல்லி, நீங்கள் இழுத்துப் பாருங்கள். சுண்டுவிரல் பக்க நரம்பு வேலை செய்யாதவர் கட்டைவிரலின் நுனிக் கணுவை மடக்கித்தான் தாளைப் பிடிப்பார். மாதங்கள் போகப்போக அந்த மடங்கல் குறைந்து விரல் நேராகும்.

உணர்வு விரல் நுனிக்கு வந்தபின் இன்னொரு வேலை காத்திருக்கிறது. திரும்பிவந்த இழைகள் எல்லாம் பழைய இடத்துக்கே போய்ச் சேர்வதில்லை. ஆகவே மூளை புதிதாகப் பாடம் படிக்க வேண்டும். ஒரு தட்டில் துவரம்பருப்பு, கொத்துமல்லி விதை, சட்டைப் பொத்தான், இரண்டு ரூபாய் நாணயம், சாவி ஆகியவற்றை வைத்து, கண்ணை மூடி ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லிப் பழகுங்கள். தவறாகச் சொன்னால் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே மறுபடி தொடுங்கள். நாளுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம். நடமாட முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கும் ஏற்பாடு உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.

ஒன்பதாம் படி: வராது என்று தெரிந்தால் வேறு வழிக்குத் திரும்புங்கள்

நான்காம் படியில் போட்ட கணக்கு 18 மாதத்தைத் தாண்டினால், ஆரம்பத்திலேயே அறுவை மருத்துவர் நரம்பு மாற்றைப் பற்றிப் பேசலாம். தோளருகே பின்னல் அறுந்து முழங்கை மடங்காதவருக்கு, சுண்டுவிரல் பக்க நரம்பிலிருந்து ஒரு சிறு கற்றையைப் பிரித்து மேற்கைத் தசையின் நரம்போடு இணைக்கும் முறையை 1994-இல் பிரெஞ்சு மருத்துவர் கிறிஸ்தோஃப் ஒபர்லின் அறிவித்தார். தூரம் குறைவதால் தசை உயிரோடிருக்கும்போதே நரம்பு வந்து சேர்கிறது. முன்கூட்டியே திட்டமிடும் இத்தகைய அறுவைகளுக்கு, ஒரு வாரம் முன்னதாகவே நரம்பைத் தூண்டிவைத்தால் கூடுதல் பலன் கிடைக்குமா என்பதை விலங்குகளில் ஆராய்ந்து நல்ல முடிவுகள் கண்டிருக்கிறார்கள்.

அதற்கும் காலம் கடந்துவிட்டால் தசைநாண் மாற்று இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1940-களின் இறுதியிலிருந்து பால் பிராண்ட், தொழுநோயால் நரம்பிழந்து மடங்கிப்போன கைகளில், வேலை செய்யும் ஒரு தசையின் நாணை வேலை செய்யாத விரலுக்கு மாற்றிப் பொருத்தினார். உலகம் திரும்பிப் பார்த்த வேலை அது, நமக்கு மூன்று மணி நேரப் பயணத் தூரத்தில் நடந்தது. மணிக்கட்டுத் தொங்கலுக்கு இன்றும் இதே தத்துவத்தில் அறுவை செய்கிறார்கள். சில மாதப் பயிற்சியில் டம்ளரை எடுத்துக் குடிக்க முடிகிறது. அந்தப் பயிற்சியில் மாற்றிய தசைக்குப் புது வேலையைக் கற்றுக்கொடுக்க நான் கரண்ட் வைக்கிறேன். அங்கே நரம்பு நலமாக இருப்பதால் குறுந்துடிப்பே போதும். தசை சுருங்கும் அதே நொடியில் "மணிக்கட்டை நிமிர்த்துங்கள்" என்று சொல்லி நோயாளியையும் முயலச் செய்ய வேண்டும். நாலைந்து நாளில் கரண்டின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒரு நாள் சொல்லாமலே சுவிட்சை அணைத்துவிட்டு அவரை நிமிர்த்தச் சொல்வேன்.